சூடு போகும் பக்கம்

சுபைறாவுக்கு ஊரில் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள் விஞ்ஞான டீச்சர். கல்முனைக்குடிப் பெண்களுக்கு, மக்கீனுடைய கலியாணம் முடிக்காத மூத்த மகள். இரண்டையும் அவள் மறுத்ததில்லை.

மக்கீன் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே ஒரு மகளுக்கு ஒரு வீடு வேண்டும். மக்கீனுக்கு இரண்டு மகள்மார். அவரால் கட்ட முடிந்தது ஒரே ஒரு வீடு. அதற்கும் ஓடு போட்ட கையோடு அவர் மௌத்தாகிவிட்டார். உம்மா அடுத்த நோன்புக்கு இல்லை. சுபைறா அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி முடித்து உத்தியோகத்தில் இருந்தாள். தங்கச்சி றம்லாவுக்கு ஒன்றும் இல்லை. "வீடு அவளுக்கு இரிக்கட்டும்" என்று சுபைறா சொல்லிவிட்டு, பின்பக்கத்தில் இறக்கிய சாய்ப்பில் தன்னுடைய கட்டிலைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு எவரும் வரவில்லை. வீடில்லாத பெண்ணை யார் கேட்பார்கள்?

றம்லாவுக்கு வந்த மாப்பிள்ளை றஸாக், சாய்ந்தமருதில் கரைவலை இழுப்பவன். வாயாடாத ஆள். மதினியான சுபைறாவோடு கதைக்கும்போது நிலத்தைப் பார்த்தே கதைப்பான்.

சுபைறாவின் வகுப்பில் படித்தவர்கள் அவளுடைய வெப்பப் பாடத்தை இன்றும் சொல்வார்கள். அந்தப் பாடத்துக்கு அவள் ஒரு கோப்பை தேத்தண்ணியுடன் வகுப்புக்குள் வருவாள். அதை மேசையில் வைத்துவிட்டுச் சக்திக் காப்பு விதியைக் கரும்பலகையில் எழுதுவாள். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும். விறகில் இருப்பது நெருப்பாகும், நெருப்பில் இருப்பது சோற்றுப் பானைக்குள் போகும், சோற்றில் இருப்பது நம்முடைய கைகால்களுக்குள் போகும். பாடம் முடியும்போது தேத்தண்ணி ஆறியிருக்கும். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"அழியாதெண்டா இதில கிடந்த சூடு எங்க டீச்சர்?"

"இந்த வகுப்புக்குள்ளதான் இரிக்கி. காத்தில, மேசையில, உங்கட முகத்தில."

"அப்ப அதைத் திரும்பிக் கோப்பைக்குள்ள எடுக்கேலுமா?"

"ஏலா. சூடு எப்பவும் சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குத்தான் போகும். தானாத் திரும்பி வராது. அதுதான் ரெண்டாவது விதி." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்: "முதலாவது விதி எவ்வளவு இரிக்கி எண்டு சொல்லும். ரெண்டாவது விதி அது எந்தப் பக்கம் போகும் எண்டு சொல்லும்."

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதம் சூறாவளி வந்தது. அதைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. சுபைறாவின் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: ஓடுகள் பறந்தன, சாய்ப்பு விழுந்தது, கடல் கிணறுவரை வந்து திரும்பிப் போனது. நடு அறையின் கூரையில் பாதி மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதிக்குக் கீழே மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். விடிந்து வெளியே பார்த்தபோது தென்னை என்று சொல்ல ஒன்றும் நின்றிருக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. றஸாக் வேலை செய்த தோணியும் வலையும் போன இடம் தெரியவில்லை. அவன் அதைத் தேடிப் போகவும் இல்லை. றம்லா ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு இருந்தாள்.

சூறாவளி போனாலும் மழை விடவில்லை. விழுந்து கிடந்த கூரை வளை ஒன்றைக் கடக்கப்போய் றம்லா தடுக்கி விழுந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு வலி தொடங்கியது.

மருத்துவிச்சி ஹவ்வா உம்மா அடுத்த தெருவில்தான் இருந்தாள். அன்றைக்கு அந்தத் தெரு ஒரு காடு. மரங்களுக்கு மேலால் ஏறியும் கீழால் நுழைந்தும், பாவாடை கிழிய வந்து சேர்ந்தாள். பகல் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஒன்றரைக் கொத்து அரிசியின் பாரம் இருக்குமோ என்னவோ. அழுகை பூனைக்குட்டியின் சத்தம்போல வந்தது. தோலுக்குக் கீழே கொழுப்பே இல்லை. விரல்கள் மெல்லிய நரம்பு மாதிரி.

ஹவ்வா உம்மா தண்ணீர்ச் சட்டியை இழுத்தாள்.

"குளிப்பாட்ட வேணாம் மாமி" என்றாள் சுபைறா.

"என்ன புள்ள கதைக்கிறாய்? ரெத்தமும் அழுக்குமாக் கிடக்கு. எப்பிடிக் குளிப்பாட்டாம விடுற?"

"துடைங்க. காய்ஞ்ச துணியால துடைங்க. தண்ணி காயக்குள்ள உடம்புச் சூட்டையும் கொண்டு போயிரும். இவள்ட்ட அதுக்குச் சூடு இல்ல."

ஹவ்வா உம்மாவுக்குக் கோபம் வந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஏந்திய கை அது. ஆனாலும் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவள் சட்டியைத் தள்ளி வைத்தாள். காய்ந்த துணி தேடினார்கள். வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்று இருந்தால்தானே. அல்மாரியின் அடித்தட்டில் றம்லாவின் கலியாணச் சாரி மடித்தபடி இருந்தது. அதன் உள்மடிப்பு மட்டும் நனையவில்லை. பிள்ளையை அதற்குள் சுற்றினார்கள். றஸாக் வந்து பிள்ளையின் காதில் பாங்கு சொன்னான். அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு சொட்டையும் சுபைறா கையை நீட்டி இடையில் பிடித்தாள்.

இனி நெருப்பு வேண்டும். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்க, எரிக்க ஒரு குச்சி இல்லை. பச்சைத் தென்னையும் ஊறிய பூவரசும் புகைந்தன, கண்ணைக் கரித்தன, எரியவில்லை. ஈர விறகு தன்னுடைய சூட்டைத் தனக்குள் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சவே செலவழித்துவிடும் என்பது சுபைறாவுக்குத் தெரியும். அதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பாள்! அடுப்பின் முன்னால் குந்தியிருந்து ஊதும்போது அந்த அறிவால் ஒரு பயனும் இல்லை. ஊதிக்கொண்டே இருந்தாள்.

றஸாக் கோடரியோடு அறைக்குள் வந்து அல்மாரிக்கு முன்னால் நின்றான். முதிரைப் பலகை அல்மாரி. றம்லாவுக்கு வாப்பா விட்டுப்போன ஒரே சாமான்.

"கொத்துங்க" என்றாள் றம்லா, பாயில் கிடந்தபடி. "அதுக்குள்ள வைக்க என்னட்ட என்ன மிஞ்சிக் கிடக்கு?"

முதிரை நன்றாக எரிந்தது. சுடுதண்ணீரைச் சோடாப் போத்தல்களில் ஊற்றித் துணி சுற்றிப் பிள்ளையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். சட்டியில் மணலை வறுத்துச் சீலைத் துண்டில் முடிந்து காலடியில் வைத்தார்கள். கூரையில்லாத பக்கத்தால் வாடைக் காற்று வந்தது. போத்தல் எவ்வளவு சூடாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே. சூடு பிள்ளைக்குள் போனது கொஞ்சம். மிச்சம் ஈரச் சுவருக்கும் நிலத்துக்கும் மழைக்கும் போனது. சுபைறா போத்தல்களை மாற்றினாள். மணலை மாற்றினாள். அல்மாரி கதவு கதவாக, தட்டுத் தட்டாகக் குறைந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு பலகையையும் அடுப்புக்குள் தள்ளும்போது, மீதி எவ்வளவு என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. மற்ற இருவருக்கும் அல்லாஹ் ஏதாவது வழி விடுவான் என்ற எண்ணம் இருந்தது. அவளுக்கும் ஈமான் இருந்தது. அதோடு கணக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் விடியற்புறம், அல்மாரியின் கடைசித் தட்டு எரியும்போது றம்லாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

முதலில் முகம் சிவந்தது. பிறகு கண் பளபளத்தது. சுபைறா நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். பேறுகாலக் காய்ச்சல் என்று ஹவ்வா உம்மா அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். றஸாக் மரங்களைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்தான். அங்கே சுவர் விழுந்தும் மரம் விழுந்தும் அடிபட்டவர்கள் வாசல்வரை கிடந்தார்கள். ஒரு டொக்டர் நின்ற நிலையில் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் மருந்துக் குளிசை கொடுத்தார். "இது போதாது. எப்படியாவது இங்க கொண்டுவாங்க" என்றார். எப்படிக் கொண்டுபோவது? ரோட்டில் ஒரு மாட்டுவண்டிகூட ஓடவில்லை. மரங்களை வெட்டி வழி எடுக்க ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டு வந்தான்.

அந்தப் பகலில் சுபைறா அறையின் நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பாயில் தங்கச்சி சூட்டால் வேகிறாள். ஒரு முழம் தள்ளி அவள் பெற்ற பிள்ளை குளிரால் நீலம் பாய்ந்து கிடக்கிறது. போத்தல் ஆறிவிட்டது.

றம்லாவே அதைச் சொன்னாள். "ராத்தா, அவள என்னட்டத் தாங்க. என்ட உடம்புதான் கொதிக்குதே. சும்மாதானே போகுது."

"காய்ச்சல் புள்ளைக்குத் தொத்தும்" என்று ஹவ்வா உம்மா தடுத்தாள். "வேணாம் புள்ள, வேணாம்."

"தொத்தினாலும் தொத்தாட்டியும், இப்பிடியே கிடந்தா இருட்டுறதுக்குள்ள போயிருவாள் மாமி." அதைச் சொல்லும்போது சுபைறாவின் குரல் வகுப்பில் கேட்கும் குரல்போலவே இருந்தது. அது ஹவ்வா உம்மாவைப் பயமுறுத்தியது.

பிள்ளையின் துணியை விலக்கி, றம்லாவின் வெறும் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்து, மேலே சாரியையும் சாக்கையும் போட்டு மூடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் பாதத்தில் நீலம் விட்டது. முகம் ரோஜா நிறத்துக்கு வந்தது. வாயைத் திறந்து எதையோ தேடியது. றம்லா சிரித்தாள். அந்த வீட்டில் சூறாவளிக்குப் பிறகு சிரித்தது அவள் ஒருத்திதான்.

"பாத்தியளா? போத்தலை விட நான் நல்லம்."

அன்று முழுவதும் அப்படியே போனது. றஸாக் வாசலில் குந்தியிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். சுபைறா மட்டும் கஞ்சிக் கோப்பையோடு றம்லாவின் தலைமாட்டில் இருந்தாள். "ஒரு வாய் குடி. ஒரே ஒரு வாய்." றம்லா வாயைத் திருப்பிக்கொண்டாள். பால் சுரக்கவில்லை. தின்னாத உடம்பு எங்கிருந்து இப்படிக் கொதிக்கிறது என்று சுபைறா யோசித்தாள். விடை அவளுக்குத் தெரிந்ததுதான். வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால், எரிகிறது அவளேதான். பிள்ளையை எடுத்துவிட்டால் காய்ச்சல் குறைந்துவிடப் போவதில்லை. பிள்ளையை வைத்தாலும் குறையவில்லை. எத்தனை ஈரத்துணியை நெற்றியில் போட்டாலும் உள்ளே இருந்து அது வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் றம்லாவுக்கு நடுக்கம் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதிக்க, பல் கிட்டி "குளிருது ராத்தா, குளிருது" என்றாள். பிள்ளை அவள் நெஞ்சில் நிற்கவில்லை. சுபைறா பிள்ளையை எடுத்துத் தன்னுடைய சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். கைக்குப் பிள்ளையின் முதுகு சூடாகத் தெரிந்தது. அதைப் பிள்ளையின் சூடு என்றே முதலில் நினைத்தாள். பிறகுதான் விளங்கியது. தன்னுடைய கை அவ்வளவு குளிர்ந்திருந்தது. கிடைத்த கஞ்சியை எல்லாம் தங்கச்சிக்கு வைத்து, அவள் குடிக்காததை ஹவ்வா உம்மாவுக்கும் றஸாக்குக்கும் கொடுத்து, தான் எப்போது சாப்பிட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. வெறும் வயிற்றோடு நனைந்து நிற்கும் உடம்பு பிள்ளைக்கு எதைக் கொடுக்கும்? கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் பாதம் மறுபடியும் நீலமானது. இந்தத் தடவை அது அழவும் இல்லை.

"மாமி, நீங்க வாங்கிக்கங்க" என்று ஹவ்வா உம்மாவிடம் கொடுத்தாள். கிழவியின் எலும்பும் தோலுமான நெஞ்சிலும் ஒன்றும் இருக்கவில்லை. அறையில் எரிக்க மிஞ்சியது ஒரு கதவு. சுபைறா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்ற எழும்பவில்லை. எழும்பும் தெம்பு யாரிடமும் இல்லை.

அப்போதுதான் றஸாக் வெளியிலிருந்து வந்தான். கையில் வாழை இலையில் கொஞ்சம் சோறு.

"இஸ்கூல்ல அவிச்சுக் குடுக்கிறானுகள் மதினி. ஊரே அங்கதான் கிடக்கு. எனக்கு உள்ளுக்கு நிக்க ஏலாமப் போயிற்று. அவ்வளவு சனம். மூச்சு முட்டுது, வேர்க்குது."

சுபைறா தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்னாய் தம்பி?"

"சோறு குடுக்கிறானுகள் எண்டு..."

"அதில்ல. வேர்க்குதா?"

"ஓம். ஜன்னலுக்கெல்லாம் பாய் கட்டி மூடியிரிக்கானுகள். உள்ளுக்குப் போனா அவியுது."

அவளுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். பிள்ளை பெற்ற பெண்ணை அந்நிய ஆண்கள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோவதா என்று ஹவ்வா உம்மா தொடக்கத்திலேயே சொன்னதும், அரைக் கூரையாவது தங்கள் கூரை என்று எல்லோரும் நினைத்ததும்தான் அவர்களை அங்கேயே கட்டிப்போட்டது. இப்போது அவள் எழும்பிவிட்டாள். ஒவ்வொரு மனிதனும் ஓர் அடுப்பு. சோறு தின்ற மனிதன் எரிகிற அடுப்பு. அத்தனை அடுப்பு ஒரே அறைக்குள் இருக்க, தான் இங்கே பலகை எண்ணிக்கொண்டிருக்கிறாளே!

"அந்தக் கதவைக் கழட்டு தம்பி. எரிக்க இல்ல. றம்லாவ அதில வைச்சுத் தூக்குவம்."

பக்கத்து வளவில் கலந்தர் என்ற வண்டிக்காரர் இருந்தார். அவர் ஒரு தலைப்பைப் பிடித்தார், றஸாக் மறு தலைப்பு. மழை படாமல் றம்லாவுக்கு மேலே ஒரு பாயை விரித்துப் பிடித்தபடி ஹவ்வா உம்மா கூட நடந்தாள். சுபைறா அந்தச் சோற்றை நின்றபடி விழுங்கினாள். பிள்ளையைச் சட்டைக்குள் இறுக்கி, இரண்டு சாரியைச் சுற்றிக்கொண்டு, குனிந்தபடி நடந்தாள். மரம் மரமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பாதி வழியில் மூச்சு விரலுக்குத் தெரியவில்லை. அவள் நிற்கவில்லை. நின்று பார்த்து என்ன செய்வது? இன்னும் வேகமாக நடந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கதவைத் தள்ளியதும் சூடு முகத்தில் அடித்தது. வியர்வையும் ஈரத்துணியும் சோறும் பிள்ளைகளின் மூத்திரமும் கலந்த வாசனை. தன்னுடைய வகுப்பறைதான் அது. மேசைகளைக் காணவில்லை. நிலத்தில் கால் வைக்க இடமில்லாமல் சனம். "டீச்சர் வாறா, டீச்சர் வாறா" என்று பெண்கள் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்து சட்டையைத் திறந்தாள். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லலாம்.

அவளைச் சுற்றி உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி பூமணி. தமிழ் ஊரான பாண்டிருப்புப் பக்கம் அவள் வீடு. கடல் ஏறியபோது கண்ட கட்டடத்துக்குள் ஓடி வந்தவர்களில் அவளும் ஒருத்தி. இடுப்பில் இருந்த ஆண்குழந்தை மீது வழியில் மதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் கதைக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவளுடைய சட்டையின் முன்பக்கம் பாலால் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. பிள்ளையின் மெல்லிய சத்தம் கேட்டதும் அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தாங்க டீச்சர்."

ஹவ்வா உம்மா குறுக்கே கையை வைத்தாள். "புள்ள, தெரிஞ்சு குடு. பால் குடிச்சா எங்கட மார்க்கத்தில இவளும் அதுக்குத் தாய்தான். நாளைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலா."

"தாயா இரிக்கட்டும் மாமி" என்றாள் சுபைறா.

பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. பூமணி விரலால் பாலைப் பிழிந்து உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு தன் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் களைத்தபோது இன்னொரு பெண். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. சோறு தின்றவள் வாங்கிக்கொள்வாள், பசித்தவள் கொடுத்துவிடுவாள். பிள்ளை நிலத்தைத் தொடவே இல்லை. சுபைறாவின் முறை வரும்போது வியர்வையில் பிள்ளை வழுக்கியது. அந்த வழுக்கலை அவள் நம்பமுடியாமல் தடவிப் பார்த்தாள்.

றம்லா அதே அறையில் கதவுப் பலகையில் கிடந்தாள். அவளுக்குச் செய்ய அங்கே யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அவ்வளவு பேர் சுற்றி இருந்து தங்கள் சூட்டைப் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்தது. அவளிடம் மிகையாக எரிந்ததை ஒருவராலும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. குளிசையும் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ரோட்டில் ஒரு பாதி திறந்துவிட்டதென்று உழவு மெசின் ஒன்று பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியோடு வந்தது. றம்லாவை ஏற்றினார்கள். ஏற்றும்போது கண் திறந்து கேட்டாள்.

"எங்க அவள்?"

"உள்ளுக்கு இரிக்காள். பால் குடிச்சிற்று உறங்குறாள்."

"சூடா இரிக்காளா?"

"ஓம் றம்லா."

"நீங்களும் வாங்க ராத்தா."

சுபைறா பெட்டியில் ஏறித் தங்கச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உழவு மெசின் ஊர்ந்துதான் போனது. விழுந்த மரத்தை இழுத்துப் போடும்வரை நிற்க வேண்டியிருந்தது, பிறகு கொஞ்சத் தூரம், பிறகு மறுபடி. ஆஸ்பத்திரிக் கூரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் றம்லா இரண்டு தரம் பெரிதாக மூச்சு வாங்கினாள். பிறகு வாங்கவில்லை. கூடவே ஏறியிருந்த றஸாக் கலிமாவைச் சொல்லிக்கொடுத்தான். அவள் உதடு அசைந்ததாக அவன் சொன்னான். சுபைறா பார்க்கவில்லை. அவள் கை றம்லாவின் கழுத்தில் இருந்தது. அந்தக் கழுத்து இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதனால் மௌத்து என்று யார் சொல்லியும் அவள் ஏற்கவில்லை. "சூடு இரிக்கி, சூடு இரிக்கி, ஓட்டுங்க" என்று கத்தினாள். டொக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

அதே பெட்டியில் வைத்தே றம்லாவின் மையித்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அஸர் தொழுகைக்கு முன்னால் ஹவ்வா உம்மா குளிப்பாட்டினாள். சுபைறா தண்ணீர் வார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சோறு காய்ச்சிய அடுப்பில் அந்தத் தண்ணீரை இளம் சூடாக்கிக் கொடுத்திருந்தார்கள். வார்க்க வார்க்க, அந்தச் சூடு றம்லாவின் தோளிலும் முதுகிலும் நின்றுவிட்டு இறங்கிப் போனது. அவ்வளவு கொதித்த உடம்பு இப்போது சுவரைப்போல, நிலத்தைப்போல, வெளியே பெய்த மழையைப்போல இருந்தது. சுபைறா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மிச்சத்தை ஹவ்வா உம்மாவே வார்த்தாள்.

"அழு புள்ள" என்று மட்டும் சொன்னாள் ஹவ்வா உம்மா. "அழாம நிக்காத."

பிள்ளைக்கு நதீரா என்று பெயர் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பூமணி அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை பால் கொடுத்தாள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் பாண்டிருப்பிலிருந்து நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

றம்லாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கிழமை ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சுபைறாவிடம் வந்தார்கள். றஸாக்குக்கு அந்த வீட்டில் இனி இருக்க வழியில்லை, வீடு மனைவிக்கு உரியது, மனைவி இல்லாத ஆண் அங்கே யார்? சுபைறாவை அவனுக்கு முடித்து வைத்தால் பிள்ளைக்கும் நல்லது, ஊருக்கும் கதையில்லை என்றார்கள். சுபைறா யோசிக்க நாள் கேட்டாள். அன்று அந்தியில் றஸாக் வாசலில் வந்து, வழக்கம்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மதினி, அவங்க சொன்னதை நீங்க ஓம் எண்டு சொல்லிராதீங்க."

"ஏன் தம்பி?"

"உங்கட முகத்தைப் பாக்கக்குள்ள எனக்கு அந்த மெசின் பெட்டிதான் ஞாபகம் வருது. உங்களுக்கும் அப்பிடித்தான் இரிக்கும்."

சுபைறா "எங்க போகப்போறாய்?" என்று மட்டும் கேட்டாள். ஒலுவிலில் தங்கச்சி வீடு இருக்கிறது என்றான். போகும்போது பிள்ளையைத் தூக்கவில்லை. தூக்கினால் விட்டுவிட்டுப் போகமாட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் கழித்து வெளிநாட்டுக்குப் போனான் என்று கேள்வி. அங்கிருந்து பிள்ளைக்கு ஒரு முறை உடுப்பு அனுப்பினான், நாலு வயதுப் பிள்ளைக்கு அளவான உடுப்பு. அப்போது நதீராவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

அவள் நடக்கத் தொடங்கப் பிந்தியது. தொடங்கியபோது வலது கால் இழுத்தது. மாதம் முந்திப் பிறந்ததும் அந்தக் குளிரும் சேர்ந்து செய்த வேலை, இனி மாறாது என்று டொக்டர்மார் சொன்னார்கள். சுபைறா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கு அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டே நெடுநேரம் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்தாள். வேறொருவரிடமும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கலியாணமும் முடிக்கவில்லை.

பூமணியை நதீரா "பூம்மா" என்று கூப்பிட்டாள். பெருநாளைக்குப் பூமணி வருவாள், தீபாவளிக்கு இவர்கள் போவார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு முஸ்லிம்-தமிழ்க் கலவரத்தில் எங்கள் ஊர்களுக்கும் அவர்களுடைய ஊர்களுக்கும் இடையில் ரோட்டில் டயர் எரிந்தது. போனவர் திரும்பவில்லை, வந்தவர் போகவில்லை. சுபைறா ஒவ்வொரு நாளும் சந்திவரை நடந்து போய், அங்கே நின்று பாண்டிருப்புப் பக்கம் புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்தாள். ரோடு திறந்த பிறகு போனவள் பூமணியின் வீட்டில் கூரையைக் காணவில்லை. ஆட்களையும் காணவில்லை. மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் இருக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, அவர்கள் வேறு ஆட்கள் என்று இன்னொருத்தர் சொன்னார்.

கன மாதம் போய், பஸ் ஓட்டும் ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். வாழைச்சேனையில் ஒரு பெண் பஸ்ஸை மறித்துக் கேட்டாளாம். கல்முனைக்குடியில் ஒரு டீச்சர் இருக்கிறா, அவவின் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாளாம். பெயர் சொன்னாளா என்று சுபைறா கேட்டாள். சனம் இறங்கி ஏறிய அவசரத்தில் தான் கேட்கவில்லை என்றார் அவர்.

"திரும்பக் கண்டா சொல்லுவியளா?" என்றாள் சுபைறா. "இரிக்காள் எண்டு சொல்லுங்க. ரெண்டாம் ஆண்டு படிக்கிறாள். கால் கொஞ்சம் இழுக்கும், ஆனா நடக்கிறாள்."

அவர் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வழியில் பிறகு பஸ் ஓடவில்லை. நதீராவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்த துணி சுபைறாவின் தோளிலேயே கிடந்தது. உள்ளேயிருந்து பிள்ளை கூப்பிட்டாள். அவள் போனாள்.